பிழை சொல்வதற்கு ஒரு முகம்

வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பங்களாவில் என் கைவேலை பல வருஷம் இருந்தது. துரை ஒவ்வொரு நாள் காலையும் அதன் முன்னால் வந்து நின்று பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பார்.

இது பொய். பங்களா உண்மை, துரை உண்மை, காலையில் வந்து நின்றதும் உண்மை. கைவேலைதான் நாய்க்கூட்டுக்கு அடித்த பச்சைப் பெயின்ற். துரை பார்த்தது நாயை.

மற்றபடி நான் படம் கீறித்தான் சாப்பிட்டேன். அதுவும் பெரும்பாலும் செத்தவர்களின் படம். யாழ்ப்பாணத்தில் உயிரோடு இருக்கிறவன் தன் முகத்துக்குச் செலவழிக்கமாட்டான். செத்த பிறகு பிள்ளைகள் செலவழிப்பார்கள். சட்டம் போட்டு, மாலை போட்டு, விறாந்தையில் மாட்டுவார்கள். அதனால் வருத்தம் வந்து படுக்கையில் கிடக்கிறவர் வீட்டுப் பக்கம் நான் சும்மா நடந்து போனாலும் படலையைச் சாத்துவார்கள். கை நடுங்கத் தொடங்கியதும் தொழிலை விட்டேன். நடுங்குவதற்கு முன்பே விட்டிருக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களில் ஒருத்தியோடு நான் குடும்பம் நடத்துகிறேன்.

போன கிழமை பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிற தம்பிமார் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல பெடியள். இப்போது கொழும்பில் மூக்கை ஒரு பக்கமும் கண்ணை இன்னொரு பக்கமும் வைத்துக் கீறுகிறார்களாம். அதைப் பற்றிக் கனநேரம் சொன்னார்கள். பிறகு ஒருவர் கேட்டார்:

“ஐயா, உலகம் எங்கையோ போயிட்டுது. நீங்கள் ஏன் கடைசிவரை உந்தப் பழைய எண்ணெய் வேலையையே பிடிச்சுக்கொண்டிருந்தனீங்கள்? ஏன் எல்லா முகத்தையும் கோயில் சிலை மாதிரி அளவெடுத்துத் தொடங்கினனீங்கள்?”

“வேறை ஒண்டும் தெரியாதபடியால், தம்பி.”

“பகிடி விடாதேங்கோ. எங்கடை பள்ளிக்கூட மலருக்கு உதை எழுதித் தாங்கோ.”

“எனக்கு எழுத்து நாலுதான் தெரியும். அதிலை மூண்டு என்ரை பேரிலை இருக்கு.”

“நீங்கள் எழுதுங்கோ. பிழையை நாங்கள் திருத்துறம்.”

இந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் முதலில் மாட்டுவண்டில் சில்லுக்கும் படலைக்கும் பூச்சு அடித்தவன். சவிரிமுத்தர் என்ற ஓவியரின் கொட்டிலுக்கு ஒரு படச்சட்டத்துக்குப் பூச்சு அடித்துக் கொடுக்கப் போனேன். போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். அவர் வேதக்காரர். தேவாலயங்களுக்குச் சம்மனசு, மாதா எல்லாம் கீறுகிறவர். கடல் கடந்து வந்து இங்கேயே செத்துப்போன ஒரு கிழட்டுச் சுவாமியாரிடம் வேலை பழகியவர். எனக்கு முதல் சில வருஷம் சாயம் அரைக்கிறதும் வச்சிரப் பசை காய்ச்சுகிறதும்தான் வேலை. தோலைப் போட்டுக் காய்ச்சுகிற அந்த வச்சிர நாற்றத்தால் எனக்குப் பெண் தர ஒருவரும் துணியவில்லை. என் மனைவி பாக்கியத்துக்குப் பீனிசம், மூக்கில் மணமே ஏறாது. அது என் அதிர்ஷ்டம்.

சவிரிமுத்தரின் குணத்தைச் சொல்லவேண்டும். வேலை நல்லதென்றால் ஒன்றும் சொல்லமாட்டார். கூடாதென்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிடுவார், இனி இதைப் பார்க்கத் தேவையில்லை என்பதுபோல. என்னோடு இருந்த காலத்தில் அந்தக் கண்ணாடி மூக்கில் இருந்ததை விட மடியில் இருந்ததுதான் அதிகம்.

அவருடைய வேலைமுறை இது. பருத்தித்துறையில் வள்ளத்துக்குப் பாய் தைக்கிறவர்களிடம் கெட்டித் துணி வாங்குவோம். மரச்சட்டத்தில் இழுத்து அறைந்து, வச்சிரம் பூசி, அது காய்ந்ததும் வெள்ளை பூசி, அது காய்ந்ததும் சுரண்டி, திரும்பவும் பூசுவோம். பிறகு கரித்துண்டால் முகம். நெற்றி, மூக்கு, நாடி மூன்றும் ஒரே அளவு. கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவில் இன்னொரு கண் வைக்கிற இடம். அதன் மேல் சாம்பல் நிறத்தில் மட்டும் முழு முகத்தையும் கீறவேண்டும். எண்ணெய் குறைவாக, மெல்லிசாக. அது இறுகிய பிறகுதான் நிறம். மேலே போகப் போக எண்ணெய் கூடும். சாம்பல் நிலையில் பார்த்தால் எல்லோரும் செத்தவர்கள்தான். எங்கள் தொழிலில் அது பெரும்பாலும் உண்மையாகவும் இருந்தது.

எண்ணெய்ப் பெயின்ற் காய்வதென்றால் கோபித்துக்கொண்டு போன சம்பந்தி வீட்டார் திரும்பி வருவது மாதிரி. கெஞ்சினாலும் வராது. ஆட்கள் அவசரப்படுவார்கள். சவிரிமுத்தர் சொல்வார்:

“அவசரமெண்டால் பட்டினத்துக்குப் போங்கோ. அங்கை ஒரு நாளிலை கீறித் தருவினம். உரியிறதும் கெதியா உரியும்.”

இணுவிலிலிருந்து இராசையா என்ற மனிதர் ஒரு நாள் கொட்டிலுக்கு வந்தார். மலாயாவில் உத்தியோகம். அவருடைய மனைவி கனகம் தாய்வீட்டில் பிள்ளை பெற்ற இடத்தில் செத்துப்போனா. பெண்பிள்ளை தப்பிவிட்டது. கனகம் படுக்கையில் விழுந்தபோது வந்த தந்திக்கு அவர் கப்பலேறினார். வந்து சேர்ந்தபோது எரித்த இடமும் ஆறிவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அன்றைக்குப் படம் சுவரில் இருக்கவேண்டும், அடுத்த கப்பலில் தான் போகவேண்டும் என்றார்.

“ஒளிப்படம் கொண்டு வந்தனீங்களோ?” என்று சவிரிமுத்தர் கேட்டார்.

“இல்லை.”

“கலியாணத்திலை எடுத்தது?”

“மாமி விடேல்லை.”

ஒளிப்படம் இல்லாத ஆளைக் கீறுவதென்றால் கிணறு இல்லாத வளவில் துலா நாட்டுகிற மாதிரி. நான் சவிரிமுத்தரின் மூக்கைப் பார்த்தேன். கண்ணாடி கழரவில்லை. ஏற்றுக்கொண்டார்.

துணியையும் சாமான்களையும் வண்டிலில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்கே போனோம். சாவுத் தீட்டு உள்ள துடக்கு வீடு, அங்கே தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது என்று என் தாய் சொல்லி விட்டிருந்தார். ஆகவே தேநீர் குடித்தேன். கந்தசுவாமி கோயில் மணி அந்த முற்றத்துக்குக் கேட்கும். துடக்கு என்றபடியால் அவர்கள் போக முடியாது. கனகத்தின் தாய் அன்னப்பிள்ளையம்மா இருந்த இடத்திலேயே கையைக் கூப்புவார், கூப்பிய கையைக் கீழே விட மறந்து போவார்.

முதல் நாள் அவர் என்னிடம் சொன்னது இது:

“படம் பிடிச்சால் ஆயுள் குறையுமெண்டு பயந்தனான், தம்பி. பிடிக்காமலே குறைஞ்சு போச்சு.”

எனக்கு எந்த நேரமும் ஒரு பகிடி வாயில் இருக்கும். அன்றைக்கு வாயில் ஆணிகளை வைத்துக்கொண்டு துணியைச் சட்டத்தில் அறைந்தேன்.

கனகத்துக்கு ஒரு தங்கச்சி, பூரணம். குழந்தை எந்த நேரமும் அவள் தோளில்தான். வருஷத் திவசம் முடிந்ததும் இராசையாவுக்கு அவளைக் கொடுப்பதென்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். குழந்தைக்காக. அவளைக் கேட்டார்களோ தெரியாது. கேட்கிற வழக்கமும் இல்லை.

இராசையா ஒரு யோசனை சொன்னார்: “உங்களுக்கு ஏன் கஷ்டம்? தங்கச்சியை இருத்திக் கீறுங்கோ. இரண்டு பேரும் ஒரே சாயல். ஆருக்குத் தெரியப்போகுது?”

நல்ல யோசனை. நான் உடனே ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டேன். வேலை சுலபமாகிற இடத்தில் நான் எப்போதும் சுறுசுறுப்பு.

இராசையா வெளியே போனதும் பூரணம் வந்தாள். கதிரையில் இருக்கவில்லை. அதன் பின்னால் நின்றாள்.

“அண்ணை, என்னைக் கீறாதேங்கோ.”

“ஏன் பிள்ளை? வடிவாய்க் கீறுவம்.”

“நான் இந்த வீட்டிலைதான் இருக்கப்போறன். இது வளர்ந்து சுவரை நிமிர்ந்து பாக்கேக்கை என்ரை முகம் இருந்தால், தாயெண்டு என்னைத்தான் நினைக்கும். அக்காவுக்கு எண்டு ஒண்டும் மிஞ்சாது.” தோளில் கிடந்த குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். “அவவின்ரை வீடு எனக்கு வருகுது. மனுசன் வருகுது. பிள்ளை வருகுது. முகத்தையாவது விடுங்கோ.”

நான் சவிரிமுத்தரைப் பார்த்தேன். அவர் கதிரையைக் காலால் தள்ளிவிட்டார்.

“ஒழுங்கான முகம் ஒண்டைக் கீறி முன்னாலை வை” என்றார் என்னிடம். “அப்பிடி ஒரு முகம் உலகத்திலை ஒருத்தருக்கும் இல்லை. வீட்டுக்காரர் பிழை சொல்லட்டும். எங்கை பிழை சொல்லுகினமோ, அங்கைதான் அந்தப் பிள்ளை இருக்கு.”

அப்படியே செய்தோம். அளவெல்லாம் சரியாய் வைத்துக் கரித்துண்டால் கீறினேன், அதன் மேல் சாம்பல். அன்னப்பிள்ளையம்மா வந்து பார்த்தார்.

“ஆர் உது? அம்மன் மாதிரி இருக்கு.”

“உங்கடை மகளில்லையோ?”

“என்ரை பிள்ளைக்கு உவ்வளவு நெத்தி எங்கை இருந்தது?”

நெற்றியைத் துடைத்தேன். எண்ணெய் என்றபடியால் துடைக்க முடிந்தது. வேறு பூச்சென்றால் அந்நேரம் கல்லாகியிருக்கும். மயிரை இறக்கினேன். மூக்கு நுனி கொஞ்சம் உருண்டை என்றார். உருட்டினேன். கீழ் உதடு முன்னுக்கு என்றாள் பூரணம். “முன்னுக்கெண்டால் கோவம் வந்த மாதிரி இல்லை. சிரிக்கப் போறதுக்கு முதல் இருக்கிற மாதிரி.” ஒரு நாள் பின்னேரம் முழுக்க அந்த உதட்டோடு மல்லுக்கட்டினேன்.

அயலவர்களும் வந்தார்கள். துடக்கு வீட்டில் பார்ப்பதற்கு ஒன்று இருக்கிறதென்றால் விடுவார்களோ. ஒருத்தி காது சின்னது என்றாள், ஒருத்தி காது பெரிது என்றாள். ஒரு பெரியம்மா சொன்னபடியெல்லாம் கீறிக்கொண்டு போனேன். கடைசியில் பார்த்தால் படத்தில் பெரியம்மாவே இருக்கிறார். சவிரிமுத்தரின் கண்ணாடி மடிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு தாயும் தங்கச்சியும் மட்டும் சொல்வதென்று அவர் ஏற்பாடு செய்தார். வேலை முடிகிற ஒவ்வொரு பொழுதிலும் படத்தை முகம் உள்ளே இருக்கச் சுவரோடு சாத்திவிட்டு வருவோம். ஒருவரும் திருப்பிப் பார்க்கக் கூடாது. அன்றைக்குப் பார்த்ததை மறந்தால்தான் நாளைக்குப் பிழை தெரியும் என்பது அவர் கணக்கு.

அந்த நாள்களில் பூரணம் என்னோடு கொஞ்சம் கதைக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு முறை நான் சொன்னேன், “உன்ரை முகம் கீற நல்ல முகம். கலியாணத்துக்காவது ஒண்டு கீறுவம்.”

“நான் செத்தாப் பிறகு வந்து கீறுங்கோ, அண்ணை. அப்ப மறிக்கமாட்டன்.”

“அந்நேரம் எனக்குக் கை நடுங்கும்.”

“இப்ப மட்டும் நடுங்கேல்லையோ?”

அந்த வீட்டில் நான் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

பிறகுதான் புருவம் வந்தது. கனகம் சின்னதில் விழுந்து ஒரு புருவத்தின் வால் பக்கம் வெட்டுப்பட்டு, அந்த இடத்தில் மயிர் முளைக்கவில்லையாம். இரண்டு பேரும் அதைச் சொன்னார்கள். எந்தப் புருவம் என்று கேட்டேன். தாய் படத்தில் ஒரு பக்கத்தைத் தொடாமல் விரலால் காட்டினார். பூரணம் மற்றப் பக்கத்தைக் காட்டினாள்.

“பெத்தவள், எனக்குத் தெரியாதோ?”

“தினம் தலை பின்னிவிட்டனான் அம்மா. எனக்குத் தெரியாதோ?”

நான் ஒரு பக்கம் வெட்டைக் கீறினேன். துடைத்தேன். மற்றப் பக்கம் கீறினேன். அதையும் துடைத்தேன். இராசையா விறாந்தையில் நின்றார். அவரைக் கேட்டேன். அவர் படத்தைப் பார்த்தார், முற்றத்தைப் பார்த்தார்.

“நான் கவனிக்கேல்லை” என்றார்.

கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில் கப்பலேறியவர். இடையில் ஒரே ஒரு முறை வந்து போனவர். அதற்குப் பிறகு படம் முடியும்வரை அவர் அந்தப் பக்கம் வரவில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. பாக்கியத்தின் எந்தக் கன்னத்தில் மச்சம் என்று கேட்டால் நானும் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்வேன்.

ஆனால் அன்னப்பிள்ளையம்மா உடைந்துபோனார். மறுநாள் வந்து படத்துக்கு முன்னால் இருந்தார். ஒரு பக்கம் காட்டினார், கையை எடுத்தார், மற்றப் பக்கம் காட்டினார். பிறகு கை மடியில் விழுந்துவிட்டது.

“எனக்கு மறந்துபோச்சு தம்பி. ஒரு மாசம் ஆகேல்லை. என்ரை பிள்ளையின்ரை முகம் எனக்கு மறந்துபோச்சு.”

அதன் பிறகு எதைக் கேட்டாலும் “தெரியாது” என்றார். நெற்றி தெரியாது, மூக்கு தெரியாது. முதலில் சொன்னதெல்லாம் சரிதானோ என்று சந்தேகம். பூரணமும் வாயை மூடிவிட்டாள்; தான் சொன்னதால்தான் தாய்க்கு இப்படி ஆனதென்று நினைத்தாள். அந்தியேட்டிக்கு நாள் கிட்டிக்கொண்டு வந்தது. சாம்பல் முகம் அப்படியே நின்றது. அந்நேரம் வெட்டு இருந்தது தாய் முதலில் காட்டிய பக்கத்தில். அதுவும் துடைத்துத் துடைத்துக் களைத்துப்போய் நான் துடைக்காமல் விட்டது.

சவிரிமுத்தருக்கு இன்னொரு பழக்கம். நிறம் பூசுவதற்கு முன் படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, சவரம் செய்கிற கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்து, அதற்குள் படத்தைப் பார்ப்பார். இடம் வலம் மாறித் தெரியும்போது கோணல் எல்லாம் வெளியே வரும் என்று அந்தச் சுவாமியார் பழக்கிய வித்தை. அன்றைக்கும் அப்படி நின்றார். பூரணம் குழந்தையோடு அவருக்குப் பின்னால் போனாள். தோளுக்கு மேலால் கண்ணாடிக்குள் பார்த்தாள். போன கால் அப்படியே நின்றது.

“அக்கா” என்றாள்.

கூப்பிடுகிற மாதிரிச் சொன்னாள். யாரோ அறைக்குள்ளே இருந்து வந்துவிட்டார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு அவளே மெல்ல மெல்லச் சொன்னாள். “தலை பின்னேக்கை நான் பின்னாலை நிப்பன். அவ கண்ணாடிக்கு முன்னாலை இருப்பா. நான் அவவின்ரை முகத்தைப் பாத்ததெல்லாம் கண்ணாடிக்குள்ளைதான். கண்ணாடிக்குள்ளைதான் கதைப்பம், சண்டை பிடிப்பம்.”

சவிரிமுத்தர் கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். அவள் அதைத் தாயிடம் கொண்டு போனாள்.

“அம்மா, நீங்கள் காட்டின பக்கம்தான் சரி. நான் பாத்தது கண்ணாடிக்குள்ளை, இடம் வலம் மாறி.”

அன்னப்பிள்ளையம்மா கண்ணாடியை வாங்கவில்லை. படத்தையும் பார்க்கவில்லை. பூரணத்தின் முகத்தைத்தான் பார்த்தார்.

“அப்ப எனக்கு மறக்கேல்லை” என்றார்.

திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அழுகையும் அதோடு வந்தது. செத்த வீட்டில் அழாத அழுகை. சவிரிமுத்தர் கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் தூரிகை கழுவினேன், கழுவிய தூரிகையையே திரும்பவும் கழுவினேன்.

அதன் பிறகு பிழை சொல்வது நிற்கவே இல்லை. தாய் நேரே பார்த்துச் சொன்னார், பூரணம் கண்ணாடிக்குள் பார்த்துச் சொன்னாள். நிறம் ஏற ஏறச் சாம்பலுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். நான் ஒரு நாளும் காணாதவள். அம்மன் இல்லை, தங்கச்சியும் இல்லை.

அந்தியேட்டி அன்றைக்குப் படம் சுவரில் ஏறியது. பெயின்ற் காயவில்லை, ஒருவரும் தொடக் கூடாது என்று வீடு முழுக்கச் சொல்லி வைத்தேன். கிரியை செய்த ஐயர் நடுவில் “படத்துக்குப் பொட்டு வையுங்கோ” என்றார். சுமங்கலியாய்ப் போனவ, குங்குமம் வைக்கவேண்டும். தாய் விதவை, தொடக் கூடாது. பூரணம் போனாள். நான் சொன்னது அவளுக்கும் மறந்துபோயிற்று, எனக்கும் மறந்துபோயிற்று. விரல் நெற்றிக்குள் பதிந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் நினைவு வந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஆட்கள் போன பிறகு நான் அதை மட்டப்படுத்தத் தூரிகையை எடுத்தேன்.

“விடு” என்றார் சவிரிமுத்தர். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

தம்பிமாரே, நீங்கள் கேட்டதற்கு இதுதான் என்னிடம் இருக்கிற மறுமொழி. மூக்கைக் கோணலாய் வைத்துக் கீறுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கும். ஆனால் நேரான முகத்தில்தான் கோணல் தெரியும். நான் கோணலில் தொடங்கினால் அது என்னுடைய கோணல். செத்தவளின் கோணலை வைக்க அங்கே இடம் இருக்காது. எண்ணெய் ஏன் என்றால், காயாதபடியால். ஒரு தாய்க்கு நினைவு வருகிறவரைக்கும் காத்துக்கொண்டிருக்கிற வேறு பெயின்ற் எனக்குத் தெரியாது. உலக யுத்த காலத்தில் கப்பல் நின்று நல்ல எண்ணெய் கிடையாமல் போனபோது சிலர் வேறு பூச்சுக்குப் போனார்கள். நான் பட்டினி கிடந்தேன் என்று எழுத ஆசைதான். படலைக்குப் பெயின்ற் அடித்தேன்.

இன்னும் ஒன்று, வார்னிஷ். எண்ணெய்ப் படத்துக்கு உடனே வார்னிஷ் பூசக் கூடாது. உள்ளே இறுக ஒரு வருஷமாவது விடவேண்டும். ஆகவே கனகத்தின் வருஷத் திவசத்துக்குப் பிறகு இணுவிலுக்குப் போனேன். இராசையா இன்னும் மலாயாவிலிருந்து வரவில்லை. குழந்தை தத்தித் தத்தி நடந்தது. பூரணம் அதைத் தூக்கிப் படத்துக்கு நேரே பிடித்து, “ஆர் உது? சொல்லு, ஆர் உது?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பாண் ரொட்டியின் வெள்ளைப் பகுதியால் தூசியை ஒற்றி எடுத்தேன். நெற்றியில் அந்த விரல் பதிந்த இடத்தில் ரேகை கூடத் தெரிந்தது. வார்னிஷ் அந்தப் பள்ளத்தில் தேங்கப் பார்க்கும், அதனால் அந்த இடத்தை மட்டும் மெல்லிய தூரிகையால் வெளியிலிருந்து உள்ளே

பாக்கியம் படலையடியிலிருந்து கூப்பிடுகிறாள்.

“இஞ்சாருங்கோ. எழுதினது காணும், எழும்பி வாங்கோ.”

“ஆர் வந்திருக்கினம்?”

“இணுவிலிலையிருந்து ஒரு பிள்ளை. அழுத கண்ணோடை நிக்குது. வளர்த்த சின்னம்மா தவறிப்போனாவாம். வீடெல்லாம் தேடிப்போட்டினமாம், அவவின்ரை படம் ஒண்டும் இல்லையாம். உங்களிட்டைத்தான் போகச் சொல்லி அவவே சொல்லி வைச்சவவாம்.”

“எனக்குக் கை நடுங்குதெண்டு சொல்லு.”

“சொன்னனான். அது பரவாயில்லையாம், தான் பக்கத்திலை இருந்து பிழை சொல்லுறனாம்.”

கரித்துண்டைக் காணவில்லை. அடுப்படியில்தான் எடுக்கவேண்டும். தம்பிமாரே, வார்னிஷ் வசனம் அப்படியே அரையில் நிற்கட்டும், திருத்தாதேயுங்கோ.